முற்றத்துச் சாட்சி

கீழக்கரை
12-1-1957

அன்புள்ள பூமயிலுக்கு,

உம்மா வீட்டில் சுகமாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். என் மச்சானை ராமநாதபுரம் சப்-ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். எங்கள் அரிசிப் பானையில் அபின் எடுத்ததாகச் சொல்லும் போலீஸ் சோதனை மகஜரில் சாட்சிக் கையெழுத்து உன்னுடையதாமே? அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண் என்று என்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீ அங்கே இருந்தாய். என்ன பார்த்தாய்?

வட்டலப்பம் அனுப்பிய தூக்குச்சட்டி இன்னும் உன்னிடம்தான். அதைத் தரும் சாக்கிலாவது வா.

நூர் நிஷா

பாம்பன்
20-1-1957

என் நிஷாவுக்கு,

உள்ளூரில் மதிப்பானவர்கள் இரண்டு பேர் சோதனையைப் பார்க்க வேண்டும் என்பது சட்டமாம். டீச்சர் என்று என்னையும், கடைக்கார சீனி முகம்மதுவையும் கூப்பிட்டார்கள். அவர் வாசலோடு நின்றுவிட்டார். காகிதத்தை நீட்டினார்கள். ஆடு மேய்க்கிற இருளாண்டியின் மகளுக்கு, பி.ஏ. படித்தும், மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பானையிலிருந்து எடுத்ததை நான் பார்க்கவில்லை, நிஷா. முற்றத்தில்தான் நின்றேன். உன் வீட்டுக்காரர் சதக் அண்ணனையும் அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள்.

சோதனையில் குறை இருந்தது என்பதால் மட்டும் கேஸ் தள்ளுபடியாகாதாம். மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் அப்படி இருக்கின்றன என்கிறார் உங்கள் வக்கீல். எடுத்ததைக் கண்ணால் கண்ட சாட்சி இல்லை என்றால்தான் வழி. அதைக் கோர்ட்டில் சொல்கிறேன். வேலை போனால் போகட்டும்.

நீ வெளியேறும்போது அத்தனை கலவரத்திலும் அண்ணன் உன் செருப்பைத் தேடி எடுத்து வைத்தார். அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

உன் மருதாணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். சட்டியை வெறுமையாகத் தரும் வழக்கம் நமக்குள் இல்லையே. அய்யா முதுகுளத்தூரிலிருந்து மிளகாய் கொண்டுவரட்டும்.

பூமயில்

பாம்பன்
24-4-1957

பூமயிலுக்கு,

இரண்டு வீடு தள்ளி இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். மச்சான் விடுதலையாகி வந்துவிட்டார். உன் சாட்சியால்தான். அல்லாஹ் உனக்கு நன்மை செய்யட்டும்.

கோர்ட்டுக்குப் போயிருந்த பாக்கர் மாமா எல்லாம் சொன்னார். முற்றத்தில் நின்றும் எப்படிப் பார்க்காமல் போனாய் என்று சர்க்கார் வக்கீல் விடாமல் கேட்டாராம். "நான் உள்ள பாக்கல. அவரத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்று மச்சானைக் காட்டிச் சொன்னாயாம். எல்லோரும் சிரித்தார்களாம். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டாராம்.

என்னிடம் அண்ணன் என்பாய். என் செருப்பு வரைக்கும் பார்த்திருக்கிறாய்.

சோறு வைக்கும்போது மச்சானிடம் கேட்டேன், "சோதனையன்னைக்கு அங்கன நீங்க யாரப் பாத்துக்கிட்டு நின்னீக?" என்று. போலீஸைத்தான் என்றார். சொல்வதற்குக் கொஞ்சம் நேரமானது.

மருதாணிக்கு இனி நானே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். சட்டியில் வந்த மிளகாய் நல்ல காரம். பெருநாளைக்கு வட்டலப்பம் அதிலேயே வரும்.

இந்தத் தடவை சட்டியைத் திருப்பித் தர வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

நூர் நிஷா