சத்தமில்லாத மோட்டார் வாங்கியிருக்கிறேன், மச்சான்

பாசமுள்ள மச்சானுக்கு,

உங்கள் தையல் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. எழுந்தால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். நீங்கள் இருந்தால், "ஏலே, ஒரு இடத்துல இருக்க மாட்டியா, பம்பரமால்ல சுத்துற" என்று அதட்டியிருப்பீர்கள். அக்கா நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் அதட்ட ஆளில்லை.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிளட்ச் மோட்டார் எரிந்துவிட்டது. டைரி சீசன் தலைக்கு மேல் நிற்கிறது. சிவகாசி பிரஸ்காரர் கொடுத்த டைரித் தோல் அட்டை ஆர்டர் பாதியில் கிடக்கிறது. அக்கா தைத்துக்கொண்டிருக்கும்போதே கருகல் வாடை வந்து, புகை கிளம்பி, நின்றேபோனது.

கழற்றி என் லோடு வண்டியில் போட்டுச் சிவகாசிக்குக் கொண்டுபோனேன். காயில் கட்டுகிறவர் திறந்து பார்த்ததும், "இதை யாரு நிமிசத்துக்கொரு தடவை போட்டுப் போட்டு அணைச்சது?" என்றார். கிளட்ச் மோட்டாரைக் காலையில் போட்டால் சாப்பாட்டு நேரம் வரை அது பாட்டுக்கு இரைந்துகொண்டு கிடக்க வேண்டும். மிதித்தால் ஊசி ஓடும், காலை எடுத்தால் ஊசி மட்டும் நிற்கும், மோட்டார் நிற்காது. தைக்கத் தெரியாத எனக்கே இது தெரியும்.

"எங்க அக்கா முன்னால பட்டாசு ஆபீஸ்ல மருந்து அடைச்சவ" என்றேன்.

"அப்பச் சரி" என்று தலையாட்டினார். "அங்கன இருந்து வந்தவுக கையெல்லாம் அப்படித்தான். சும்மா சுத்துற எதையும் விட்டுவைக்காது. இனி இதுக்குக் காயில் கட்டிப் புண்ணியமில்ல, புதுசா வாங்கிருங்க."

நானும் அதையே நம்பினேன். பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கிற அந்த மருந்து அறைக்குள் கரண்டே கிடையாது. இரும்பு வாளியைத் தரையில் இழுத்தாலே பொறி பறக்கும் என்று ஃபோர்மேன் கத்துவார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அங்கே இருந்த பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பார்கள். வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி பேசினேன். "மிஷினுக்குள்ள என்னக்கா மருந்தா அடைச்சு வச்சிருக்கு, வெடிக்கிறதுக்கு? மச்சான் கண்ணுமாதிரி பாத்த மோட்டாரை இப்படியா கொல்லுவ?"

அக்கா, வெட்டி வைத்திருந்த தோல் துண்டுகளை அடுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். முடிச்சை இறுக்கிவிட்டு, "நான் திங்கக்கிழமையில இருந்து பட்டாசு ஆபீஸுக்கே போறேன்லே. வெம்பக்கோட்டைப் பக்கம் ஆள் கேக்காக. வண்டி தெருமுனைக்கே வருது" என்றாள்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்த ஆபீஸில் வெடித்தது என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வாய் சோறு தின்கிற ஊர் நம்முடையது. அவளை அந்த வேலையிலிருந்து எடுக்கத்தானே நீங்கள் இந்த மிஷினையே வாங்கிப் போட்டீர்கள்? நீங்கள் போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அவள் மருந்து அறைக்குத் திரும்பினால் நான் யார் முகத்தில் முழிப்பேன்? உங்கள் மேலும் கோபம் வந்தது மச்சான், மறைக்க மாட்டேன். இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாமல் அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

மறுநாள் விடிந்ததும் மதுரைக்கு பஸ் ஏறினேன். அட்டையின் மூலை எவ்வளவு தடிமன் வருமோ அவ்வளவுக்குத் தோலை அடுக்கி ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். விருதுநகர் தாண்டும் வரை கிளட்ச் மோட்டார்தான் வாங்குவதாக இருந்தேன். நீங்கள் வைத்திருந்ததே வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அப்புறம் யோசித்தேன். பெருவிரல் நுனியால் அதை அடக்கி, ஒவ்வொரு தையலாக மூலை திருப்புவீர்களே, அந்தக் கால் உங்களோடு போய்விட்டது. அக்கா மிதித்தால் அது அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. திருமங்கலம் வந்தபோது ஒரு முடிவும் இல்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் இரண்டு வகையையும் காட்டினார். கிளட்ச் மோட்டாரைப் போட்டதும் கடை முழுக்க அந்தப் பழைய இரைச்சல். அவர் ஏதோ கேட்டார், என் காதில் விழவில்லை. திரும்பவும் கேட்டார். பிறகு அணைத்துவிட்டு, "தைக்கிறது யாருன்னு கேட்டேன்" என்றார்.

"எங்க அக்கா."

"அப்ப இந்த சர்வோ மோட்டாரை எடுத்துட்டுப் போங்க. மிதிச்சாத்தான் ஓடும், காலை எடுத்தா கம்முனு கிடக்கும். இந்தத் திருகைத் திருப்பினா ஆமை வேகத்துக்குக்கூட வரும்."

"நடுவுல அணைக்க வேண்டாமா?"

"எதுக்கு அணைக்கணும்? நின்னாச்சுன்னா நின்னதுதான்."

கேட்டதுமே மனசு அதில் விழுந்துவிட்டது. இருந்தாலும் தோலைப் பையிலிருந்து எடுத்தேன். விலை குறைந்த சின்ன மோட்டாரில் மெதுவாக ஓட்டியபோது ஊசி பாதி இறங்கித் திணறி நின்றது. "இது சேலைக்கு ஃபால்ஸ் தைக்கத்தான் ஆகும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அதிகச் சக்தி உள்ளதைப் போடச் சொன்னேன். மோட்டார் பக்கத்தில் பெல்ட் ஓடும் புல்லியைச் சின்னதாக மாற்றச் சொன்னேன். வேகம் குறையும், இழுவை கூடும். "நீங்க மோட்டார் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார். பெண் பார்ப்பதைவிடப் பெரிய காரியம் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கடைசியில் ஊசி ஒரே சீராக இறங்கித் தோலின் அந்தப் பக்கம் வந்தது. அதையே கட்டச் சொன்னேன்.

வீட்டில் மாட்டியதும் சனியன் பின்னோக்கிச் சுற்றியது. அடியில் நூல் குருவிக்கூடு கட்டிவிட்டது. கடைக்காரருக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தால், சுற்றும் திசையை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறதாம், அமுக்கினால் போதுமாம். அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தத்தையே காணோம். கரண்டு இருக்கா?"

"இருக்கு. உக்காந்து கால வச்சுப் பாரு."

உட்கார்ந்தாள். ஒரு ஓரம் தைத்து, மூலையில் மெல்லத் திருப்பி, காலை எடுத்தாள். மிஷின் நின்றது. அவள் கை தன் பாட்டுக்குச் சுவிட்சுக்குப் போனது.

"அதை அணைக்க வேண்டியதில்லக்கா" என்றேன். "பட்டாசு ஆபீஸ் பயத்தை இனிமேலாச்சும் விட்டுத் தொல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கென்னலே பயம்? மருந்தையே கையால அளைஞ்சவ நான். அன்னைக்கு உன் மச்சான் வீட்டுக்குப் பின்னால செட்டுல தோலு வெட்டிக்கிட்டு இருந்தாக. நான் இங்கன தச்சுக்கிட்டு இருந்தேன். அடுத்த துண்டு எடுக்கப் போறேன், விழுந்து கிடக்காக. இந்த இரைச்சல்ல, அவுக கூப்பிட்டிருந்தா எனக்கு எப்படிலே கேட்டிருக்கும்? அதான் ஒரு ஓரம் தச்சதும் அணைச்சிருவேன். யாரும் கூப்பிடுதாகளான்னு."

"இனிமே யாருக்கா கூப்பிடப் போறா?"

"அது எனக்குத் தெரியும்லே. காதுக்குத் தெரியலையே."

இதற்கா அவளைத் திட்டினேன், மச்சான்? என்ன பேசுவது என்று தெரியாமல் பேசினேன். "மச்சான் கூப்பிடலக்கா. டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. ஒரு நொடியில முடிஞ்சிருச்சாம், வாயத் திறக்கக்கூட நேரமிருந்திருக்காதாம்."

"நெசமாவா?"

"நெசமாக்கா."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அக்கா மூக்கை முந்தானையில் துடைத்தாள். பிறகு சாக்கை அவிழ்த்து அடுத்த அட்டையை எடுத்தாள். அன்று சாயங்காலம் வரை அவள் கை சுவிட்சுப் பக்கம் போகவில்லை. இன்று திங்கட்கிழமை. காலையில் ஆபீஸ் வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள், வரவில்லை என்று கையை ஆட்டிவிட்டு மிச்ச வாசலையும் கூட்டினாள்.

அவளுக்குத் தூக்கம் வருகிறது. இப்போது எனக்குத்தான் வருவதில்லை. அவளிடமிருந்து வாங்கிய கேள்வியை நான் வைத்துக்கொண்டு அலைகிறேன். நீங்க கூப்பிட்டீகளா மச்சான்? அவ பேரைச் சொல்லியா கூப்பிட்டீக?

எனக்குப் பதில் வேண்டாம். நான் சொன்ன பொய்யை என் கட்டை வேகும்வரை காப்பாற்றுவேன், இது சத்தியம். என் வாய் பிறழாது. நீங்களும் இதில் என்னோடு நிற்க வேண்டும். அவள் கனவில் வந்தால் உட்காருங்கள், காப்பி கேளுங்கள், தையல் கோணலாக இருந்தால் வையக்கூடச் செய்யுங்கள். கூப்பிட்டிருந்தால், அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவுக்குத் துணையாக இருக்கிற,
உங்கள் மச்சினன்