மேற்குப் பக்கக் கண்ணாடி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் வீட்டுக்காரரின் முழங்கால் வலிதான் அவரைவிடப் பிடிவாதமாக இருக்கிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிய குழுக் கூட்டத்தில் உன் குரல் போன் ஒலிபெருக்கியில் வந்தது. பேசி முடித்ததும் போனை வைத்துவிட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதற்குள் நீயாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய், அதுதானே உன் பழக்கம்.

எங்கள் பள்ளிக்கூடம் கேட்டது ஒன்றுதான். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மதியத்துக்கு மேல் வகுப்பில் உட்கார முடியவில்லை, வெளியே வெயில் தடுப்புப் பலகை போட அனுமதி வேண்டும். ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டிய பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அதை ஆக்கியது, அந்தக் கண்ணாடியைப் புகழ்ந்து நீ எழுதிய புத்தகம். ஆகவே கட்டடப் பாதுகாப்புக் குழு உன்னைத்தான் கேட்கும் என்று எங்களுக்குத் தெரியும். "உங்க அக்கா ஒத்துக்கவே மாட்டாங்க டீச்சர், நாம மாட்டின திரையையே கழட்டச் சொன்னவங்க" என்று தலைமையாசிரியர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதை என்னைவிட அறிந்தவர் யார்?

ஆனால் நீ சொன்னாய்: "நான் அங்க எத்தனையோ தடவை வந்திருக்கேன். எல்லாம் காலைல. படம் எடுக்க அந்த வெளிச்சம்தான் நல்லாருக்கும். போன மாசந்தான் ஒரு மத்தியானம் பூரா கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன். தூண் நிழல் நகர நகர பிள்ளைங்களும் நகருதுங்க. நான் எழுதின அத்தியாயம் தப்பு. பலகையைப் போடுங்க."

அக்கா, உன் தங்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஊரெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வளைவும் பொம்மைத் தூணும் கேட்ட காலத்தில், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும் என்று தனியாக நின்று கத்தியவள் நீ. அந்தத் துணிச்சலைவிட இது பெரியது.

நீ போனை வைத்த பிறகு குழுவில் இருந்த ஓர் இளம் பேராசிரியர் சிரித்தார். "தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டாங்க" என்றார். இன்னொருவர், அப்படியானால் கண்ணாடியையே எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்கலாமே என்றார். எனக்கு வந்ததே கோபம்! நான் எழுந்து நின்றேன். நீ போற்றிய கட்டடத்தைக் கண்ணாடிப் பெட்டி என்று வாழ்நாள் முழுக்கக் கேலி செய்த நானேதான். "வெயில்தான் வேணாம், வெளிச்சம் வேணும். மழை மூட்டத்துலயும் விளக்குப் போடாம பாடம் நடத்துறேன், வேற எந்தப் பள்ளிக்கூடத்துல முடியும்?" என்று கேட்டேன். குழு இரண்டையும் ஏற்றது. கண்ணாடி இருக்கும், பலகையும் வரும்.

இப்போது உன் பதிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, புத்தகத்தின் புதிய பதிப்பே வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டதாக வருத்தப்படுகிறார். ஓர் அத்தியாயம் தப்பானால் அதைத் திருத்தி எழுது. ஒரு பிற்பகல் முழுக்க வேர்வையில் நனைந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தாயே, அதை எழுது. அதை உன்னைத் தவிர யாரும் எழுத மாட்டார்கள்.

போன வாரம் பலகைகளைப் பொருத்திவிட்டார்கள். பிள்ளைகள் இப்போது நகருவதில்லை. கடைசி பெஞ்சில் உனக்கு இடம் இருக்கிறது. வா அக்கா. காலையில் மட்டும் வந்துவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை