தலைப்பாகைத் துணியின் மறுமுனை

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நெற்றி சுடுகிற மாதிரி இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டு மேசைக்கு வந்தேன். நம் பெட்டியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாசம் குப்பென்று அடித்தது. அவளுக்கு ஆகாதே என்று ஓடிப்போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

சீக்கிய வீரர்கள் அப்படியே இருக்கிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத உலோக பொம்மைகள், வர்ணம் தீட்டும்போது பிடிக்க வசதியாகப் போத்தல் மூடிகளில் ஒட்டியபடி.

தம்போயில் உன் வீட்டில்தான் இவர்களுக்கு வர்ணம் தீட்ட ஆரம்பித்தோம். உன் அண்ணன் பழைய போர்களைப் பொம்மைப் படைகளை வைத்துப் பகடை உருட்டி மேசைமேல் விளையாடுகிறவர். வர்ணம் தீட்டப் பொறுமை இல்லாதவர். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நம்மிடம் அந்தப் படையைத் தள்ளிவிட்டார். சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் எனக்குச் சுலபமாக வந்தன. தலைப்பாகைதான் வரவில்லை. சுற்றிச் சுற்றிக் கோடு இழுத்து வைத்திருந்தேன். நீ எடுத்துப் பார்த்தாய்.

"அப்பா பார்த்தா அழுதுடுவாரு. இது தலைப்பாகை இல்ல லா, முறுக்கு."

உன் அப்பா பஞ்சாபி, அம்மா தமிழ். காலையில் அப்பா தலைப்பாகை கட்டுமுன் அந்த நீளத் துணியின் மறுமுனையைப் பிடிப்பது உன் வேலை. அன்று அதை எடுத்துவந்து ஒரு முனையை என் கையில் கொடுத்தாய். "இழுத்துப் பிடி. நீ தளர்த்தினா மடிப்பு நிக்காது." கூடத்தின் இரு கோடியிலும் நின்று இழுத்தோம். மடித்துக்கொண்டே நீ என்னை நோக்கி நடந்து வந்தாய். எந்த மடிப்பு எதன்மேல் ஏறுகிறது என்று அதன்பிறகுதான் என் பிரஷுக்குத் தெரிந்தது.

நிஜத்தில் அந்தப் படை ஆங்கிலேயரிடம் தோற்ற கதையைப் படித்துவிட்டு நான் சோர்ந்தபோது, "அங்க தோத்தாங்க. நம்ம மேசையிலயும் தோக்கணுமா?" என்றாய்.

நீ கடல் தாண்டிப் பெர்த் நகருக்குப் போனபோது பாதிப் படை உன்னோடு போனது, குதிரைப்படை என்னோடு தங்கியது. இன்று மாலை நீ அனுப்பிய காணொளியில் உன் புதுத் தோழி அதே மாதிரி ஒரு தலைப்பாகைத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்து அவள் தீட்டிய வீரர்களின் படங்கள். பெரிதாக்கிக் குற்றம் தேடினேன். ஒருவனுடைய தாடி மட்டும் கழுத்துப் பட்டியில் கொஞ்சம் வழிந்திருந்தது. அதற்கு நான் அடைந்த சந்தோஷத்தைப் பார்த்து, "பொறாமையா?" என்றார் இவர். ஆமாம் என்றேன். அவள் மடிப்புகள் என்னுடையவற்றைவிட நன்றாக இருக்கின்றன.

கீழே நீ எழுதியிருந்ததுதான் தூங்க விடவில்லை: "அண்ணன் சனிக்கிழமை இங்க வர்றாரு. குதிரைப்படையைக் கொடுத்து அனுப்பு, இவ முடிச்சிடுவா."

பாப்பாவின் தொட்டில் துணியை நானும் இவரும் மடிக்கும்போது என் கை தானாகவே விறைத்து இழுக்கிறது. "கிழிச்சிடாதம்மா" என்கிறார். இவருக்கு எப்படித் தெரியும், எதிரே நீ நடந்து வருவாய் என்று என் கை காத்திருப்பது?

குதிரைகள் முடிந்துவிட்டன. தலைப்பாகைகளும் முகங்களும் பாக்கி. அவள் கைக்குப் போனால் சீக்கிரம் முடியும், அழகாகவும் இருக்கும். ஆனால் நான் முடிக்க வேண்டும். பிள்ளையை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆகும். என் படைக்காக நீ காத்திருப்பாயா, மாட்டாயா? அண்ணன் பெட்டியை வாங்க வருமுன் சீக்கிரம் பதில் போடு.