கயோட்டி நரிக்கு ஒரு முக்காலி

வெர்லின்,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. நான் தீவனம் வாங்கப் போகிறேன்.

கதவோரம் துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கும் முக்காலி ஒன்று வைத்திருக்கிறேன். கடையில் இருந்ததிலேயே மலிவானது; கனம்தான், ஆனால் காற்றுக்கு ஆடாது. கால்களைத் திருகிப் பூட்டும் வகை உன் விரலுக்கு ஆகாது. இது தட்டினாலே பூட்டிக்கொள்ளும். கடைத் தரையில் உட்கார்ந்தே உயரம் சரிபார்த்தேன்.

"பாட்டி, கயோட்டி சுடப் போறீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"வீட்டுக்காரருக்குக் கை நடுங்குதுப்பா. ஆட்டுக்குட்டியெல்லாம் நரி வாயில போகுது."

மந்தையை விற்றுவிட்டு காஸ்பர் நகரத்தில் மகள் பக்கத்தில் போய் இருக்கலாம் என்று நேற்றுக்கூட உன்னோடு மல்லுக்கு நின்றேன். இன்று நானே காசு கொடுத்து இன்னொரு பனிக்காலத்துக்கு இங்கேயே மாட்டிக்கொண்டேன். குட்டிகளின் கத்தலைக் கேட்டுக்கொண்டு உன்னால் சும்மா இருக்க முடியவில்லையே.

ஆர்லிஸ்

பி.கு.: குறி தப்பினால் என்னிடம் சொல்லாதே. எனக்கு மறுபடி காஸ்பர் ஆசை வந்துவிடும்.