தலையை மட்டும் திருப்பவில்லை

மார்ச் 4
பட்டறை அறையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், நான், கல்லூரி ஆய்வகத்து டீச்சர், எப்போதும் இருக்கிற ஆண்டவன். போன வாரம் நாங்கள் பழுதுபார்த்துக் கொடுத்த மைக்ரோஸ்கோப் திரும்பி வந்துவிட்டது. "அண்ணே, தூசி தட்டத்தான் கொடுத்தேன். நீங்க தொட்டப்புறம் ஒரு பக்கம் மங்குது." அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மார்ச் 5
படம் முழுக்க மங்கினால் ஃபோகஸ் தப்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் ஏதோ சாய்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்; எதைத் திருப்பும்போது மங்கலும் கூடவே திரும்புகிறதோ, அதில்தான் கோளாறு. பழைய கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்து நானே கற்றது.

அவர் முதலில் தகடு வைக்கும் மேடையை மட்டம் பார்த்துச் சரிசெய்தார். கோடு போட்ட கண்ணாடித் தகட்டைத் திருப்பினார். மங்கல் இடப்பக்கமே. லென்ஸைத் திருப்பினார். இடப்பக்கமே. நான் பார்த்தேன் — ஓரத்துக்கு ஓரம் தெளிவு.

"உனக்கு எல்லாம் தெளிவுதான். காபியில உப்பைப் போட்டவளாச்சே!"

மறுபடி ஸ்குரூவைத் திருக ஆரம்பித்தார். நல்லதைக் கெடுக்கிறாரோ?

மார்ச் 6
முதுகு விட்டுப்போகிறது. பிரார்த்தனையில் பாதியிலேயே தூங்கிவிட்டேன். பொறுத்துக்கொள், ஆண்டவா.

மார்ச் 8
அலுப்பில் வாயை விட்டுவிட்டேன். "எல்லாத்தையும் திருப்பியாச்சு. உங்க தலையைத்தாங்க இன்னும் திருப்பலை."

"ஏன், கழுத்தைக் கழட்டி மாட்டணுமா?" என்று சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் நிமிரவில்லை.

"மங்கலும் கூடவே வருதுடி" என்றார்.

ஐயோ, விளையாட்டுக்குத்தானே சொன்னேன்! சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும் கோளாறு இல்லாமல் போயிருக்குமா?

மார்ச் 11
கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருடைய வலது கண்ணின் விழித்திரையில் ஒரு பகுதி கெட்டுவிட்டதாம். இடது கண் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே அரைகுறை. "போனது வராதும்மா, இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும், "பட்டறையை மூடிடலாமா?" என்றார்.

"முதல்ல சாப்பிடுங்க."

மார்ச் 19
அவர் திருகிக் கெடுத்ததைச் சரிசெய்ய இன்று டீச்சரின் மைக்ரோஸ்கோப்பை மறுபடி எடுத்தோம். ஸ்டூல் எனக்குத் தாழ்வு. தலையணையைப் போட்டு உட்கார்ந்தேன். என் கண், அவர் கை. நான் சொல்லச் சொல்ல அவர் திருகினார். பாதி வேலையில் படம் முழுக்க மங்கிவிட்டது. ஃபோகஸ் தப்பு இல்லை, எனக்குத் தெரியும். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தேன்.

ஸ்குரூவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "இப்ப எந்தப் பக்கம் மங்குது? சீக்கிரம் சொல்லு."