பத்து வில்லும் ஒரு மணிக்கட்டும்

மார்ச் 4
இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன், என்னிடமேதானா? குட்டி இப்போதுதான் கண்ணசந்தாள். பேறுகால விடுப்பு முடிந்தது, நாளை இசைக்குழுவில் ஒத்திகை. செல்லோ, அதாவது முழங்காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின், அந்தப் பிரிவில் முதல் நாற்காலி என்னுடையது, என்னைச் சேர்த்துப் பத்துப் பேர். வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரம் ஒரு வலி. அவளைத் தூக்கித் தூக்கி வந்தது. போய்விடும்.

மார்ச் 9
போகவில்லை.

மார்ச் 12
வில் எங்கே மேலே, எங்கே கீழே, எவ்வளவு நீளம் என்று இசைத் தாளில் பென்சிலால் குறிப்பது முதல் நாற்காலியின் வேலை. என்னோடு ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும் அக்கா அதைப் பின்வரிசைத் தாள்களிலும் எழுதிவிடுவார். ஏனென்று ஒருவரும் கேட்பதில்லை. இன்று, அழுத்தி நீளமாக இழுக்க வேண்டிய இடங்களிலெல்லாம் ‘நடுவில், சின்ன வீச்சு’ என்று போட்டேன். இசைக்கு அது தேவையா? இல்லை. என் மணிக்கட்டுக்குத் தேவை.
"என்னம்மா, இவ்ளோ சிக்கனம்?" என்றார் அக்கா.
"புது யோசனைக்கா."
பென்சிலை எடுத்துக்கொண்டு எழுதப் போனார்.

மார்ச் 20
டாக்டர் சொன்னது: "குழந்தையத் தூக்குங்க, இல்ல வில்லத் தூக்குங்க. ஆறு மாசத்துக்கு ரெண்டுல ஒண்ணுதான்."
வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நீ வாசி. எனக்கு வாசிக்கத்தான் வராது, தூக்க வரும்" என்றார். சரி. அவர் வேலைக்குப் போனபின் அவள் அழுதால்? அழுதாள். தூக்கினேன்.

ஏப்ரல் 2
குழுவை நடத்தும் பெரியவர் பாதியில் நிறுத்தினார். குரலை உயர்த்தவே மாட்டார். "செல்லோ பத்துப் பேரும் வந்திருக்கீங்களா? எனக்கு நாலு பேர்தான் கேக்குது." பிறகு கடைசி வரிசையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பார்த்து, "வில்லுன்னா பயமாம்மா? தெம்பா இழு."
அவள் தலைகுனிந்து தாளையே பார்த்தாள். அதில் இருந்தது என் குறி. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயைத் திறந்திருக்க வேண்டாமா நான்? — திறக்கல. பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஏப்ரல் 3
அக்கா போன் செய்தார். அந்தப் பெண்ணை நிறுத்தப்போகிறார்களாம், சத்தமே வரவில்லையென்று. பிறகு, "அந்தக் குறியெல்லாம் உன் கைக்காகத்தானே போட்டே?" என்றார்.
தெரிஞ்சிருக்கு.
"தெரிஞ்சும் ஏன்கா எழுதினீங்க?"
"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

ஏப்ரல் 4
மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், இருவருக்கு ஒன்றாக இருக்கும் ஐந்து தாள்களிலும் என் குறிகளை அழித்தேன், இடது கையால். பிறகு பெரியவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். என் நாற்காலியில் அக்காவை உட்காரச் சொன்னார். கதவருகே நின்று கேட்டேன். ஒன்பது பேர் நீளமாக இழுத்தார்கள். தரை அதிர்வது செருப்புக்குள் தெரிந்தது. நான் இல்லாமல். பெரியவர் கடைசி வரிசையைப் பார்த்து, "இதத்தாம்மா கேட்டேன்" என்றார். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 6
இசைக்குழு அலுவலகத்துக்கு இன்று அனுப்பியதன் நகல்:
‘முதல் நாற்காலியிலிருந்து விலகுகிறேன். கை தேற ஆறு மாதமாகும் என்கிறார் மருத்துவர். அதன்பின் கடைசி வரிசையில் இடமிருந்தால், புதிதாக வருபவர்களைப் போலவே நானும் தேர்வுக்கு வந்து வாசித்துக் காட்டலாமா? முடியாதென்றாலும் பரவாயில்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.’