வலையில் அடைத்த பஞ்சு

செவ்வாய்க்கிழமை, இரவு

படுத்த படுக்கையாக இருக்கும் மாமாவின் துணிகள் இந்த மழையில் காய்வதில்லை என்றுதான் துணி உலர்த்தும் மெஷின் வாங்கினோம். அதன் சூட்டுக்காற்று வெளியேறும் குழாயின் வாயில் எலி நுழையாதிருக்க வலை கட்டியது நான்தான். வலையில் சேரும் துணிப்பஞ்சை மாதம் ஒருமுறை எடுக்கச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனார். ஒருமுறைகூட நான் எடுக்கவில்லை.

இன்று மெஷினை ஓடவிட்டு அபர்டீன் பஜாருக்குப் போனேன். திரும்பியபோது வீடெல்லாம் புகை. பக்கத்து வீட்டு வங்காளி, "பாபி, மெயின் பந்த் கர் தியா" என்று என்னை அண்ணி என அழைத்து இந்தியில் சொன்னார். மின்சாரத்தை அணைத்து, மாமாவைத் தூக்கிவந்து தன் வராந்தாவில் படுக்க வைத்திருந்தார்.

"நாலஞ்சு வாட்டி கூப்பிட்டேம்மா. மழையில உனக்குக் கேக்கலபோல" என்றார் மாமா, இருமலுக்கு நடுவே.

குழாயைக் கழற்றினேன். வலை முழுக்கப் பஞ்சு கருகி அப்பியிருந்தது. பிய்த்து எறிந்தேன். போனில் வீட்டுக்காரரிடம், எல்லாம் நலம் என்றேன்.

மாமாவுக்கு இன்னும் மூச்சு இழுக்கிறது. "என் துணியாலதானே உனக்கு இவ்வளவு கஷ்டம்" என்கிறார். நான் வீட்டிலேயே இல்லை என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.